ரோமானியக் காசு அசலா போலியா: விளிம்பிலிருந்து தொடங்குங்கள்

'அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது' என்று சொல்லி விற்க வரும் ரோமானியக் காசை எடுத்த எடுப்பில் நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. கரூரிலும் கோவை வட்டாரத்திலும் இந்தக் காசுகள் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலாக 501 பொற்காசுகள் வெளிவந்தன. போலி விற்பவர்களுக்கு இந்த வரலாறே பெரிய முதல். ஆகவே கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே முக்கியமாக ஒரு காசை வைத்தே பேசுவோம். டைபீரியஸ் பேரரசர் காலத்து (கி.பி. 14–37) வெள்ளி டெனாரியஸ் அது. ஒரு பக்கம் மாலை சூடிய தலை. மறுபக்கம் கையில் கோலும் கிளையும் ஏந்தி நாற்காலியில் அமர்ந்த பெண், சுற்றிலும் 'பான்டிஃப் மாக்சிம்' (தலைமைக் குரு என்ற பட்டம்) என்ற லத்தீன் எழுத்து. தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் கிடைத்த இரண்டு வகைகளில் இது ஒன்று. மற்றது, அவருக்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கேயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பது. பைபிளில் வரும் வரிக்காசு இதுதான் என்று கருதப்படுவதால் டைபீரியஸ் காசுக்கு உலகமெங்கும் கிராக்கி. அதனால் நகல்களும் ஏராளம்.

தேவையானவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, விட்டம் அளக்க வெர்னியர் அளவி, சாய்த்து ஒளி அடிக்க ஒரு சிறு விளக்கு, தூய அசிட்டோன் ஒரு புட்டி. கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளி நாளடைவில் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். தரையில் விழுந்தால் இரண்டாக உடையக்கூடும். இதே காரணத்தால் காசைச் சுண்டிப் பார்த்து ஓசை கேட்கும் சோதனையை விட்டுவிடுங்கள். நொறுங்கும் நிலையில் உள்ள அசல் காசு மந்தமாக ஒலிக்கும், புது வெள்ளியில் செய்த போலி கணீரென்று ஒலிக்கும். தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

முதலில் விளிம்பு

எல்லோரும் அரசரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். போலி செய்பவரும் அங்கேதான் முழு உழைப்பையும் போடுகிறார். காசை இரு விரல்களுக்கு இடையில் பிடித்து, விளிம்பை லென்ஸில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

ரோமானியர் உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடி விழும்போது உலோகம் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். அதனால் அசல் காசின் விளிம்பு ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், சில இடங்களில் வெடித்திருக்கும். அச்சுக் குழியில் உருக்கி ஊற்றிய போலியில் விளிம்பின் நடுவே இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். அதை மறைக்க அரம் போட்டிருப்பார்கள். அப்போது விளிம்பைச் சுற்றி ஒரே திசையில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். ஆனால் அரத்தடம் இருந்தாலே போலி என்று முடிவு கட்டவும் கூடாது. நகையில் பதித்து, பின்னர் கழற்றிய அசல் காசிலும் அரத்தடம் இருக்கும்.

வெடிப்பைத் தனியாகக் கவனியுங்கள். அடித்ததால் வந்த வெடிப்பு விளிம்பில் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் ஒரே இடத்தில் தெரியும், ஓரங்கள் கிழிந்தாற்போல் இருக்கும், அடியில் பழைய மண்ணோ கருமையோ படிந்திருக்கும். வார்ப்புப் போலியில் வெடிப்பும் சேர்ந்து வார்க்கப்படுவதால் அது வெறும் பள்ளமாக நின்றுவிடும். லென்ஸில் அதன் தரை தெரியும்.

பிறகு பரப்பு

விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, எழுத்தின் அடியும் வெற்றுப் பரப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அச்சடித்த காசில் எழுத்தின் பக்கச்சுவர் பரப்பிலிருந்து செங்குத்தாகவே எழும்பும். தேய்ந்த காசில் எழுத்தின் தலை மழுங்கியிருந்தாலும் அடி கூர்மையாகவே இருக்கும். வார்ப்பில் தலையும் அடியும் சேர்ந்தே மழுங்கி, கரைந்த சோப்பு போல வழவழப்பாகத் தோன்றும். அசலில் எழுத்துகளைச் சுற்றி விளிம்பை நோக்கி நுண்ணிய கோடுகள் ஓடுவதும் உண்டு. உலோகம் அடிபட்டு நகர்ந்த தடம் அது.

குழிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மண்ணில் கிடந்து அரித்த குழி ஒழுங்கற்றது, ஓரம் கூரானது. வார்க்கும்போது காற்றுக்குமிழ் விட்ட குழி வட்டமானது, சுவர் வழுவழுப்பானது. இதைவிடப் பெரிய சாட்சி, எழுத்துகளின் இடுக்கில் நிற்கும் சின்னஞ்சிறு உருண்டை மணிகள். வார்ப்புக் குழியில் குமிழ் நின்ற இடத்தை உலோகம் நிரப்பியதால் வருபவை. துருப்பிடித்த பழைய அச்சும் மேடுகளை உண்டாக்கும். ஆனால் அவை உருண்டையாக இருக்காது, ஒழுங்கற்ற திட்டாக இருக்கும். உருண்டை மணிகள் நாலைந்து தெரிந்தால் அந்தக் காசை வாங்காதீர்கள். எடையும் களிம்பும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தச் சாட்சியை அவை மாற்றாது.

எழுத்து வடிவையும் ஒரு பார்வை பாருங்கள். முதல் நூற்றாண்டு ரோமானியர் 'யூ' (U) வரவேண்டிய இடத்திலும் 'வி' (V) வடிவத்தையே பொறித்தார்கள். வட்டமான 'யூ' தெரிந்தால் அது சுற்றுலாக் கடைச் சரக்கு.

எடையும் அடர்த்தியும்

டைபீரியஸ் டெனாரியஸ் பெரும்பாலும் 3.6 முதல் 3.9 கிராம், விட்டம் 18 மி.மீ. அளவில் இருக்கும். கி.பி. 64இல் நீரோ பேரரசர் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய காசு 3.4 கிராமை ஒட்டி நிற்கும். ஆகவே எந்த அரசர் என்று தெரியாமல் எடை போடுவதில் பயனில்லை.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிறு கோப்பையில் தண்ணீர் விட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து (காசில் குமிழ் ஒட்டாமலிருக்க), தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வரும். 3.72 கிராம் காசுக்கு 0.36 காட்டினால் 10.3, நல்ல வெள்ளி. 0.42 காட்டினால் 8.9, அது செம்பு. தராசு 0.01 தவறினாலே விடை 10.0க்கும் 10.6க்கும் இடையில் ஆடும் என்பதால், நகைக்கடைகளில் உள்ள மூன்று தசமத் தராசு கிடைத்தால் நல்லது.

பொற்காசுக்கு இந்தச் சோதனை இன்னும் பலமானது. டைபீரியஸ் காலப் பொற்காசு ஏறக்குறைய 7.8 கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். அடர்த்தி 19ஐ ஒட்டி வரவேண்டும். 22 காரட் நகைத் தங்கத்தில் செய்த நகல் 17.7 அளவிலேயே நின்றுவிடும். உரைகல்லில் உரசிப் பார்க்க மட்டும் கொடுக்காதீர்கள். அசலாக இருந்தால் அந்தத் தடம் அழியாது.

அடர்த்தி சரியாக வந்தால் உலோகம் சரி என்று மட்டுமே பொருள். போலிக்காசு செய்வதில் பேர்பெற்ற ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) தானே அச்சு வெட்டி, விலை குறைந்த அசல் பழங்காசுகளின் மேலேயே அடித்தார். பிறகு அவற்றை இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் போட்டு, தன் குதிரை வண்டியில் கட்டி ஓட்டிப் பழமை ஏற்றினார். அவருடைய அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்றைய தரமான போலிகளும் நல்ல வெள்ளியில், அசல் காசிலிருந்து படியெடுத்த அச்சில் அழுத்தப்படுபவை. இவற்றைப் பிடிக்க ஒப்பீடுதான் வழி. ஒரே அச்சில் அடித்த இரு அசல் காசுகளில் முகமும் எழுத்தும் ஒன்றாக இருக்கலாம். வில்லையின் உருவம், வெடிப்பின் இடம், கீறல், படம் நடுவிலிருந்து விலகிய அளவு ஆகியவை ஒருபோதும் ஒன்றாக இருக்காது. ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டு காசுகளில் இருந்தால், குறைந்தது ஒன்று போலி. பல நேரம் இரண்டுமே போலி. கீறலின் அடியையும் பாருங்கள். அசல் கீறல் கூராக வெட்டியிருக்கும், படியெடுத்த கீறலின் தரை மழுங்கியிருக்கும். வகையைச் சரிபார்க்க அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரே' தளமும், ஏலப் படங்களைத் தேட 'ஏசிசர்ச்' தளமும் உதவும்.

களிம்பு

வெண்கலக் காசில் உண்மையான பச்சைக் களிம்பு உலோகத்தோடு ஒன்றிக் கெட்டியாக இருக்கும். பெயர்ந்த இடத்தில் பெரும்பாலும் செந்நிற அடுக்கு தெரியும். சாயம் பூசிய போலியை அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றினால் பஞ்சில் நிறம் ஏறும். ஊசியால் குத்தும் பழக்கம் வேண்டாம். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் காசின்மேல் படக்கூடாது. அசலின் பாதி மதிப்பும் சாட்சியும் அதோடு போய்விடும்.

போலி என்று தூக்கிப்போடக் கூடாதவை

செம்புக்கு மேல் வெள்ளித்தகடு போர்த்தி அடித்த காசுகள் ரோமானியர் காலத்திலேயே உண்டு. எடையும் அடர்த்தியும் குறையும், வெள்ளி உரிந்த இடத்தில் செம்பு தெரியும். ஆனாலும் அது பழம்பொருளே. எழுத்து குழம்பி, ஓட்டையிட்ட பொற்காசு இந்தியாவில் அந்தக் காலத்திலேயே செய்த நகலாக இருக்கலாம். இலங்கையிலும் பிற்கால ரோமானியச் சிறு செப்புக்காசுகளைப் பார்த்து உள்ளூரில் அடித்திருக்கிறார்கள். முகத்தின் குறுக்கே உளி வெட்டு விழுந்த பொற்காசையும் சேதமென்று ஒதுக்க வேண்டாம். புதுக்கோட்டைப் புதையலில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவைதான்.

விளிம்பில் 'ஆர்ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி செய்த மின்முலாம் நகல். 'டபிள்யூஆர்எல்' என்றிருந்தால் நினைவுப்பொருள் கடைக்காகச் செய்தது. இவற்றின் எழுத்தை அரத்தால் அழித்து விற்பவர்களும் இருப்பதால், விளிம்பில் திடீரென்று வழவழப்பான சிறு இடம் தெரிந்தால் உஷாராகுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஹால்மார்க் மையத்தில், எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துப் பாருங்கள், காசு கெடாது. பழைய வெள்ளியில் சிறிதளவு தங்கமும் ஈயமும் கலந்தே இருக்கும். காட்மியம் காட்டினால் அது நம் காலத்துப் பற்றாசுக் கலப்பு. சரியாக 92.5 வெள்ளி, மீதி செம்பு, வேறொன்றுமே இல்லை என்றாலும் ஸ்டெர்லிங் வெள்ளியில் செய்ததாகவே கொள்ளுங்கள். கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும், மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பில் வெள்ளி விகிதம் கூடித் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அசல் என்று தெரிந்த பிறகு சட்டம் குறுக்கே வரும். மண்ணில் கண்டெடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, தனியார் இதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். விற்பவரிடம் எழுதிய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.