பணம் வராத சீசனில் சரணாலயத்துக்குத் துணை நிற்பது எப்படி?

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். இப்போது ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பறவைகள் சரணாலயத்தில் பறவை எண்ணும் கூட்டத்தோடு போகிறேன். பறவையை விட நோட்டு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் கணக்குப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். அரசாங்கத்துக்கு வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது. கடற்கரை மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு அப்படி முடிவதில்லை. மாசி, பங்குனியில் இட்ட முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சு வெளிவரும்போது அடுத்த நிதியாண்டு பிறந்திருக்கும். தற்காலிகக் காவலர் கூலி தள்ளிப்போனால் அந்த இடைவெளியில்தான் அடி விழும். அதற்கான முன்னேற்பாட்டைத் தை மாதமே பேசி வையுங்கள்.

இரண்டாவது, காசை யார் கையிலும் கொடுக்காதீர்கள். யார் வாங்கினார்கள், எவ்வளவு என்று பிறகு பேச்சு வரும். டார்ச், பேட்டரி, மழைக்கோட்டு என்று பொருளாக வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் ஒப்புதல் பெற்றுக் கொடுங்கள். ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். தொண்டர்கள் பெட்ரோலையும் தூக்கத்தையும் செலவழித்துச் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் காகிதத்தில் பற்றாக்குறையே தெரியாமல் போய்விடும். எல்லாம் நன்றாக நடந்ததே, கூடுதல் பணம் எதற்கு என்று அடுத்த வருஷம் கேட்பார்கள். அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், வந்தவர்கள், மணி நேரம், பெட்ரோல் செலவு, செய்த வேலை. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ‘இது யார் செய்ய வேண்டிய வேலை?’ என்று எழுதுங்கள். எங்கள் பையன்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சேவைக்குக் கணக்கா என்கிறார்கள். ஆமாம், கணக்குதான்.

நோட்டு நிறைந்ததும் சுருக்கி ஒரு பக்க மனுவாக்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். நகல் வனச்சரகத்துக்கு. சரணாலயத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று தெரிய வேண்டுமா? 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். கண்மாய்க்கு வரும் வாய்க்காலில் அடைப்பு என்றால் அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்புங்கள், மழைக்கு முன்னால். தண்ணீர் நிற்காத கண்மாயில் எத்தனை காவலர் போட்டாலும் கூழைக்கடா கூடு கட்டாது.

அப்புறம், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று தரும் ராம்சார் பட்டம் வந்தால் பணம் தானாக வரும் என்று நம்பி உட்காராதீர்கள். எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களில் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022-ல் வந்தது, சக்கரக்கோட்டைக்கும் தேர்த்தங்கலுக்கும் 2025-ல். பட்டத்தை மனுவின் முதல் வரியில் போடுங்கள், அதற்கு நன்றாக உதவும்.

ஆள் இல்லை என்பதற்காக ஆமை முட்டையை நீங்களே தோண்டி எடுக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பது அது. உதவப் போய் வழக்கில் மாட்டுவீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, வனத்துறைக்குப் போன் செய்து, அவர்கள் வரும்வரை நாயை விரட்டிக்கொண்டு நில்லுங்கள். போன் செய்த நேரம், ஆள் வந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.