விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறும் டிடிபி கடைக்காரர்களுக்கு: முதல் வாரச் செய்முறை

ஆப்பிளின் மேக் கணினி பழகுவது பெரிய வித்தை இல்லை. தினமும் வேலை செய்தால் ஒரு வாரத்தில் கை தானாகப் போய்விடும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் ஜெராக்ஸ் கடையிலும் வண்ணார்பேட்டை அச்சகத்திலும் ஓடுவது விண்டோஸ். அம்பாசமுத்திரத்திலிருந்து கோயில் கொடை நோட்டீஸ் அடிக்க வருபவர் பென்டிரைவில் கொண்டுவருவதும் விண்டோஸ் ஃபைல்தான். அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு தயாரிக்கும் மாணவருக்கும் அப்படியே. உங்கள் மேக் இவர்கள் எல்லாரோடும் ஃபைல் கொடுத்து வாங்க வேண்டும். அதை மனதில் வைத்தே இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறோம்.

பழைய கணினியைக் கொடுப்பதற்கு முன்

விண்டோஸ் மென்பொருளின் இஎக்ஸ்இ ஃபைல் மேக்கில் ஓடாது. நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேக் பதிப்பு உண்டா என்று பாருங்கள். கோரல்டிராவுக்கு 2019 முதல் மீண்டும் மேக் பதிப்பு வருகிறது. ஃபோட்டோஷாப், இன்டிசைன், வேர்டு, எக்செல் எல்லாம் உண்டு. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் இன்றைய மேக்கில் ஓடாது. கணக்கு மென்பொருளான டேலிபிரைம் விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டி கணக்குக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால், அந்த டோக்கனுக்கு மேக் டிரைவர் இருக்கிறதா என்று கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

மேக்கிலேயே விண்டோஸையும் போட்டுக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால் எந்த மேக் என்று கேளுங்கள். அதற்கான பூட் கேம்ப் வசதி இன்டெல் சிப் உள்ள பழைய மேக்குகளில் மட்டுமே உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிள் சிப் உள்ள எதிலும் அது இல்லை.

கணக்கும் பேஜ்மேக்கரும் உள்ள கடைகள் பழைய விண்டோஸ் கணினியை ஓரமாக வைத்துக்கொள்வதே நல்லது. குறைந்தது, பழைய பேஜ்மேக்கர் வேலைகளை எல்லாம் அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதை விற்கலாம்.

முதல் அரை மணி நேரம்: நான்கு அமைப்புகள்

இடது மேல் மூலையில் ஆப்பிள் படத்தைச் சொடுக்கி, சிஸ்டம் செட்டிங்ஸ் போங்கள். 2022-ல் வந்த வென்சுராவுக்கு முந்தைய பதிப்பு என்றால் சிஸ்டம் பிரிஃபரென்சஸ் என்று இருக்கும். செகண்ட் ஹேண்ட் மேக் வாங்கியவர்கள் இதைக் கவனிக்கவும், உள்ளே வரிசையும் கொஞ்சம் மாறும்.

1. டிராக்பேட் பகுதியில் 'டேப் டு கிளிக்' போடுங்கள். போடாவிட்டால் பலகையை அழுத்திச் சொடுக்க வேண்டியிருக்கும். ரைட் கிளிக்குக்கு இரண்டு விரலால் தட்ட வேண்டும். அல்லது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சொடுக்கலாம்.

2. பக்கம் தலைகீழாக நகர்வதாகத் தோன்றினால் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' எடுத்துவிடுங்கள். டிராக்பேடில் மாற்றினால் மவுஸிலும் மாறும், இரண்டுக்கும் ஒரே அமைப்புதான்.

3. அப்பியரன்ஸ் பகுதியில் ஸ்க்ரோல் பார் 'ஆல்வேஸ்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் நீளமான ஃபைலில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

4. விண்டோஸ் கீபோர்டையே மாட்டிப் பயன்படுத்தினால் விண்டோஸ் விசைதான் கமாண்ட், ஆல்ட் விசைதான் ஆப்ஷன். இடம் மாறி இருப்பது கைக்கு இடைஞ்சலாக இருந்தால், கீபோர்டு பகுதியில் 'மாடிஃபையர் கீஸ்' போய் இரண்டையும் மாற்றிப் போடலாம்.

டிசைன் வேலைக்குச் சாதாரண யுஎஸ்பி மவுஸே போதும், ரைட் கிளிக் மாட்டியவுடன் வேலை செய்யும். புதிய மேக்புக் ஏரில் யுஎஸ்பி துளை டைப்-சி வகை மட்டுமே என்பதால் ஒரு டைப்-சி ஹப்பும் சேர்த்தே வாங்குங்கள்.

கைக்குப் பழக வேண்டிய விசைகள்

கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். காப்பி கமாண்ட்+சி, பேஸ்ட் கமாண்ட்+வி, சேவ் கமாண்ட்+எஸ், பிரிண்ட் கமாண்ட்+பி. கமாண்ட் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கட்டைவிரலால் அழுத்தப் பழகுங்கள். சுண்டுவிரலாலேயே அழுத்தினால் கை வலிக்கும்.

டைப் செய்பவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது ஹோம், எண்ட் விசைகள். விண்டோஸில் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும். மேக்கில் பெரும்பாலும் ஃபைலின் உச்சிக்கும் அடிக்கும் பாய்ந்துவிடும். வரிக்குள் நகரக் கமாண்டோடு இடது, வலது அம்புக்குறி. மேக்புக்கின் டிலீட் விசை பின்னோக்கி அழிக்கும். முன்னோக்கி அழிக்க எஃப்என்+டிலீட்.

ஜன்னலின் சிவப்புப் பொத்தான் ஜன்னலை மட்டும் மூடும், மென்பொருள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக மூடக் கமாண்ட்+க்யூ. பச்சைப் பொத்தான் முழுத்திரைக்குக் கொண்டுபோய் மெனுவையே மறைத்துவிடும். ஆப்ஷனை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் விண்டோஸில் மேக்சிமைஸ் செய்த மாதிரி விரியும். கமாண்ட்+டேப் மென்பொருளுக்கு மென்பொருள் தாவும். ஒரே மென்பொருளின் இரண்டு ஃபைல்களுக்கு இடையே தாவ, டேப் விசைக்கு மேலே உள்ள விசையைக் கமாண்டோடு அழுத்துங்கள்.

எதுவும் கண்ணில் படாவிட்டால் கமாண்ட்+ஸ்பேஸ். பெயரின் முதல் நான்கு எழுத்தை அடித்தால் மென்பொருளும் ஃபைலும் வந்து நிற்கும். ஏதாவது உறைந்துபோனால் கமாண்ட்+ஆப்ஷன்+எஸ்கேப், பட்டியலில் அதைத் தேர்ந்து 'ஃபோர்ஸ் க்விட்'.

ஃபைல் வேலை: இங்கேதான் நஷ்டம் வரும்

சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. எல்லாம் ஃபைண்டரில் (விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போன்றது), உங்கள் பெயரில் உள்ள ஹோம் ஃபோல்டருக்குள். 'வியூ' மெனுவில் 'ஷோ பாத் பார்' போட்டுக்கொண்டால் நிற்கும் இடம் கீழே தெரியும்.

ஃபைலைத் தேர்ந்து என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். திறக்கக் கமாண்ட்+ஓ. கட் செய்து ஒட்ட, கமாண்ட்+எக்ஸ் ஃபைலுக்கு வேலை செய்யாது. முதலில் கமாண்ட்+சி, பிறகு புதிய இடத்தில் கமாண்ட்+ஆப்ஷன்+வி. அப்போதுதான் ஃபைல் நகரும். ஃபைலை அழிக்கக் கமாண்ட்+டிலீட்.

இனி சொல்வதை இரண்டு முறை படியுங்கள். 'கல்யாணப் பத்திரிகை' என்ற ஃபோல்டர் மேக்கில் இருக்கிறது. அதே பெயரில் பென்டிரைவில் உள்ள ஃபோல்டரை இழுத்து அதே இடத்தில் போடுகிறீர்கள். விண்டோஸ் என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும். மேக்கில் 'ரீப்ளேஸ்' அழுத்தினால் பழைய ஃபோல்டர் முழுவதும் போய், புதியது மட்டும் அங்கே இருக்கும். பழையதில் நூறு ஃபைல், புதியதில் மூன்று என்றால் மிச்சம் மூன்றுதான். அதனால் 'ரீப்ளேஸ்' கேட்டால் நிறுத்திவிட்டு, வருவதற்கு வேறு பெயர் வையுங்கள். அல்லது உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் இழுத்துப் போடுங்கள். பெயரோடு தேதியும் சேர்த்து ஃபோல்டர் வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஆபத்தே வராது.

தேதி வைக்கும்போது சாய்கோடு போடாதீர்கள். மேக் ஏற்றுக்கொள்ளும், விண்டோஸ் ஏற்காது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறிக்கும் இதே கதிதான். 10-05-2025 என்று இடைக்கோடு போதும்.

தமிழ் டைப்பிங்

சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் பக்கத்தில் 'எடிட்'. கூட்டல் குறியை அழுத்தி, பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆங்கில ஒலியை வைத்து அடித்தவர்களுக்கு அஞ்சல் உடனே வரும். மொழி மாற்றக் கன்ட்ரோல்+ஸ்பேஸ். புதிய மேக்புக்கில் உலக உருண்டை படம் போட்ட விசை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் தங்கள் பழைய விசை அமைப்பைத் தேடுவார்கள். அதற்குத் தனி மென்பொருள் போட வேண்டும். ஆனாலும் தமிழ்99 பழகிவிடுங்கள் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. மேக், விண்டோஸ், போன் எல்லாவற்றிலும் கிடைப்பதால், ஒருமுறை பழகினால் அடுத்த முறை கணினி மாறினாலும் கை மாற வேண்டாம்.

தமிழ்99-ல் உயிரெழுத்து எல்லாம் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். புள்ளி இடது ஆள்காட்டி விரலின் கீழ். மெனு பட்டையில் மொழிக் குறியைச் சொடுக்கி 'ஷோ கீபோர்டு வியூவர்' போட்டால் எந்த எழுத்து எங்கே என்று திரையில் தெரியும்.

பாளையங்கோட்டை என்று அடிக்க ப, ஆ, ள, ஐ, ய, ங, க, ஓ, ட, ட, ஐ. பதினோரு தட்டு, புள்ளியைத் தொடவே வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இனச் சோடிகளுக்கும் அப்படியே. தென்காசியில் ன-வுக்குப் பின் க வருகிறது. அது சோடி இல்லாததால் புள்ளியை நீங்களே வைக்க வேண்டும்: த, எ, ன, புள்ளி, க, ஆ, ச, இ.

தானாக விழும் புள்ளி வேண்டாத இடமும் உண்டு. பப்பாளியில் ப, ப என்று தட்டினால் முதல் எழுத்தே 'ப்' ஆகிவிடும். நடுவில் அ தட்டுங்கள்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. முதல் இரண்டு நாள் வரும் பிழைகளில் பல இந்த அ-வை மறப்பதால்தான்.

பழைய எழுத்துரு ஃபைல்கள்

பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாகத் தெரியலாம். ஃபைல் கெட்டுவிடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலமே வெளியே தெரிகிறது. பழைய கணினியிலிருந்து அதே டிடிஎஃப் ஃபைலை எடுத்துவந்து இரட்டைச் சொடுக்கு, ஃபாண்ட் புக்கில் 'இன்ஸ்டால்', மென்பொருளை மூடித் திறங்கள்.

மீண்டும் மீண்டும் வரும் வேலை என்றால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஔகாரத்தை மட்டும் ஒரு முறை தேடிப் பாருங்கள். 'கௌரி' என்பது 'கெளரி' என்று ளகரத்தோடு வந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது.

யூனிகோடு ஃபைலில் வேறொரு தொல்லை. விண்டோஸின் லதா, நிர்மலா இல்லாத மேக் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். அகலம் மாறும், வரி உடையும், ஆய்வேட்டில் பக்க எண்ணே நகரும். இரண்டு கணினியிலும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் போட்டு வேலை செய்தால் இது தீரும்.

கடைக்கு வெளியே கொண்டுபோகும்போது

என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மேக் படிக்கும், எழுதாது. ஃபைல் போட முடியாமல் நின்றால் பென்டிரைவ் பழுது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, மேக்கோடு வரும் டிஸ்க் யுட்டிலிட்டி மென்பொருளைத் திறங்கள். 'வியூ' மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்'. பென்டிரைவின் மேல் வரியைத் தேர்ந்து 'இரேஸ்'; ஃபார்மேட்டுக்கு எக்ஸ்ஃபேட், ஸ்கீமுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு. இரண்டு பக்கமும் எழுதும். சில ஜெராக்ஸ் மெஷின்கள் பழைய ஃபேட் முறையை மட்டுமே படிக்கும்; அங்கே எம்எஸ்-டாஸ் ஃபேட் போடுங்கள், ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அதன் வரம்பு.

அந்தப் பென்டிரைவை விண்டோஸில் திறந்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் தெரியலாம். வைரஸ் என்று பயப்படுவார்கள். மேக் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் ஃபைல்கள் அவை, அழித்தாலும் உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பிடுங்கும் முன் ஃபைண்டரில் 'இஜெக்ட்' கட்டாயம்.

ஆப்பிளின் பேஜஸ் மென்பொருளில் செய்த ஃபைலை அப்படியே கொடுத்தால் அச்சகத்தில் திறக்காது. 'எக்ஸ்போர்ட் டு' போய் வேர்டோ பிடிஎஃபோ ஆக்குங்கள். அச்சுக்குப் போவது எதுவானாலும் எங்கள் பரிந்துரை பிடிஎஃப்தான். எழுத்துரு உள்ளேயே போய்விடும். எந்த மென்பொருளிலும் கமாண்ட்+பி அழுத்தி, கீழே பிடிஎஃப் பட்டியலில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்'. அனுப்பும் முன் திறந்து, பெயர்களையும் தேதியையும் வாடிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டினால் பென்டிரைவ் போல ஃபைண்டரில் வராது. வாட்ஸ்அப் வெப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் தரம் குறைந்து, பிளெக்ஸ் அடிக்கும்போது மூஞ்சி உடையும். பெரிய ஃபைலுக்குக் கூகுள் டிரைவ்.

கடைசியாக, மேக்கின் சேமிப்பைப் போல இரு மடங்கு கொள்ளளவுள்ள ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், டைம் மெஷின் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போது அதில் உள்ளதை அழிக்கச் சொல்லும் என்பதால் காலி டிஸ்க்கே கொடுங்கள். அதன்பின் டிஸ்க் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை அது தானாக நகல் எடுக்கும். 'ரீப்ளேஸ்' அழுத்திப் போன ஃபோல்டரை, நகல் எடுத்த பின் போயிருந்தால், அதிலிருந்து மீட்டுவிடலாம்.