பேக்லிங்க் தரமானதா? எண்ணை விடுங்கள், பக்கத்தைத் திறந்து பாருங்கள்

வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க். அதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு எண்ணைத்தான். "இந்தத் தளத்துக்கு டிஆர் 70. லிங்க் வாங்கலாமா?" டிஆர் என்பது அஹ்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் ஒரு தளத்துக்கு வரும் லிங்குகளை வைத்து நூற்றுக்குப் போடும் மதிப்பெண், டிஏ என்பது மாஸ் என்ற நிறுவனம் போடும் அதே மாதிரியான மதிப்பெண். இரண்டுமே கூகுளுடையது இல்லை. லிங்குகளை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் கூகுள் போடும் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016லேயே நிறுத்திவிட்டது. கையில் ஒரு பெரிய பட்டியல் இருந்தால் எதை முதலில் திறப்பது என்று முடிவு செய்ய இந்த மதிப்பெண்கள் உதவும், அவ்வளவுதான். குப்பை லிங்குகளை ஏற்றியே டிஆரை உயர்த்திக் காட்டுபவர்கள் நிறைய உண்டு.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் தளம் என்றால், தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் 'லிங்க்ஸ்' பகுதிக்குப் போங்கள். எந்தெந்தத் தளங்கள் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன, என்ன சொற்களில் கொடுத்திருக்கின்றன என்று இலவசமாகவே பார்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படியுங்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடக் கூடாது, படிக்க வேண்டும்.

ஒரு தோட்டக்கலைத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ரோஜாச் செடியை எப்போது கவாத்து செய்வது என்று ஒரு கட்டுரை. மூன்றாவது பத்தியில் திடீரென்று 'குறைந்த வட்டியில் தனிநபர் கடன்' என்ற சொற்களில் ஒரு லிங்க். முன்வரிக்கும் பின்வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே தளத்தின் முகப்புக்குப் போனால் மெத்தை, கிரிப்டோ, சூதாட்டம் என்று கண்டதும் இருக்கும். எழுதியவர் பெயர் எல்லாவற்றிலும் 'அட்மின்'. ஒவ்வொரு கட்டுரையிலும் ஏதாவது ஒரு வணிகத் தளத்துக்குச் சரியாக ஒரு லிங்க். இது லிங்க் விற்பதற்காகவே நடக்கும் தளம். டிஆர் 70 இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

இன்னொரு பக்கம், பழைய தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரின் சின்னத் தளம். மதிப்பெண் ஒற்றை இலக்கம். 'நூல் இழுவை சரியில்லை என்றால் இந்த வரைபடத்தைப் பாருங்கள், திருகு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது' என்று உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறார். அதைப் படிப்பவர் கட்டாயம் கிளிக் செய்வார். இதுதான் தரமான லிங்க். தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த லிங்க் அங்கே இருந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நான் எல்லா லிங்கையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

லிங்க் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வாசகர் எந்த லிங்கைக் கிளிக் செய்ய வாய்ப்பு அதிகமோ அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கும் முறைக்கு கூகுள் 2010இல் காப்புரிமை பெற்றது. கட்டுரையின் நடுவில் வரும் லிங்கும், பக்கத்தின் அடிப்பகுதியில் மற்ற பத்து லிங்குகளோடு நெருக்கியடித்து நிற்கும் லிங்கும் ஒன்றாகாது. ஒரே தளத்தின் ஆயிரம் பக்கங்களின் அடியில் உங்கள் லிங்க் இருந்தால் அதை ஆயிரம் பரிந்துரையாக எண்ணிக்கொள்ளாதீர்கள். எத்தனை தனித்தனித் தளங்கள் என்றே கணக்குப் பாருங்கள்.

லிங்கின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால் அதில் நோஃபாலோ இருக்கிறதா என்று தெரியும். 'இந்த லிங்கை என் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் அடையாளம் அது. 2005இல் வந்த நோஃபாலோவோடு 2019இல் ஸ்பான்சர்டு (பணம் வாங்கிக் கொடுத்த லிங்க்), யுஜிசி (கருத்துப் பெட்டி போன்ற இடங்களில் பயனர்கள் போட்ட லிங்க்) என்ற இரண்டும் சேர்ந்தன. இப்போது கூகுள் இவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு யோசனை என்ற அளவிலேயே எடுத்துக்கொள்கிறது. நோஃபாலோ என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல தளம் என்றால் அதன் வழியாக வாசகர்கள் வருவார்கள். பணம் கொடுத்து வாங்கிய லிங்கில் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ இல்லையென்றால்தான் வம்பு. அது கூகுளின் ஸ்பேம் விதிகளை மீறுவதாகும்.

ஆங்கர் சொற்களை, அதாவது லிங்க் போடப்பட்டிருக்கும் சொற்களை, மொத்தமாகப் பாருங்கள். இயல்பாகச் சேர்ந்த லிங்குகளில் தளத்தின் பெயர், வெறும் முகவரி, 'இங்கே பாருங்கள்' எல்லாம் கலந்திருக்கும். பாதிக்கு மேல் ஒரே விற்பனைச் சொல்லாக இருந்தால் யாரோ திட்டமிட்டுச் செய்தது என்று அர்த்தம். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றம் குறிவைத்தது இந்த மாதிரி வேலைகளைத்தான்.

லிங்க் கொடுத்த தளத்தின் பழைய முகத்தையும், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் ஒருமுறை பாருங்கள். முன்பு அது ஒரு தொண்டு அமைப்பின் தளமாக இருந்து, இப்போது கடன் விளம்பரமாக மாறியிருக்கலாம். காலாவதியான டொமைனை (தள முகவரியை) வாங்கி அதன் பழைய நற்பெயரில் குளிர்காய்வதை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

கண்ட குப்பையும் உங்கள் பட்டியலில் இருக்கத்தான் செய்யும். எல்லாத் தளத்துக்கும் அது உண்டு, பெரும்பாலானவற்றை கூகுள் தானே கழித்துவிடும். பயந்துபோய், 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தூக்காதீர்கள். நல்ல லிங்கையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். விதி மீறலுக்காக கூகுள் ஊழியர்கள் நடவடிக்கை எடுத்திருந்தால் காட்டும் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பக்கம் சர்ச் கன்சோலில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்து, உங்கள் தரப்பில் யாரும் லிங்க் வாங்கவும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளங்களுக்கு எழுதி லிங்கை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுப்பவற்றை மட்டும் டிஸ்அவோ கோப்பில் சேருங்கள்.