சென்னை ஜார்ஜ் டவுனில் மாலைத் தீனி: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

மதியம் அரை வயிறோடு எழுந்துவிட்டு, மாலை ஆறு மணி வாக்கில் பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். கார் வேண்டாம்; பாரிமுனையைத் தாண்டினால் சரக்கு வண்டிகளுக்குள் சிக்கிக்கொள்ளும், நிறுத்தவும் இடமில்லை. குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும்.

முதலில் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். 1962-இல் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தபின் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வந்த தீனி. அவித்து ஆறவைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த தட்டை), பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். சூடாக இருக்காது, கேட்காதீர்கள். புளி தூக்கலா, காரம் கம்மியா என்பதைப் பிசையும்போதே சொல்லிவிட வேண்டும். தட்டு கைக்கு வந்தபின் சொன்னால் மேலே தூவுவார்கள், உள்ளே இறங்காது. பார்சல் வீண். வீடு போவதற்குள் பேஜோ நமுத்து, முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டுவிடும். வாழைத்தண்டு சூப்பை நடுநடுவே உறிஞ்சுங்கள். மசாலா முட்டை என்றால், அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் அடைத்தது. முழுசாக வாயில் போடுங்கள். பாதி கடித்தால் மீதி சட்டையில்.

இருவருக்கு ஒரு தட்டு போதும். இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

அடுத்து என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியாகச் சௌகார்பேட்டை மின்ட் தெரு. முட்டையும் கறியும் வேண்டுமென்றால் செகண்ட் லைன் பீச்சிலேயே முடித்துவிட்டு வாருங்கள். இங்கே பெரும்பாலும் சைவம். வெங்காயம், பூண்டு ஆகாதென்றால் 'ஜெயின்' என்று ஒரு வார்த்தை போதும். ஜெயின் பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் பெரும்பாலும் வாழைக்காய். முறுக்கு சாண்ட்விச்சை நின்ற இடத்திலேயே சாப்பிடுங்கள், பச்சைச் சட்னி முறுக்கை ஊறவைத்துவிடும்.

இனிப்புக்கு அதே மின்ட் தெருவில் காகடா ராம்பிரசாத் கடை. தட்டில் அடுக்கியிருக்கும் ஜிலேபியைத் தொடாமல், பாகிலிருந்து அடுத்த ஈடு எடுக்கும்வரை நில்லுங்கள். கூடவே சூடான பாதாம் பால்.

இன்னும் இடமிருந்தால் திரும்புகிற வழியில் சீனா பாய் கடையில் நெய் பொடி ஊத்தப்பம். நெய்யைக் குறைக்கச் சொல்வதானால் அந்தக் கடைக்கே போக வேண்டாம். வீடு திரும்ப உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலேயே.