கதவைத் தள்ளு, கயிற்றை இழு: சொல்லுக்கும் கையசைவுக்கும் உள்ள தொடர்பைத் தமிழில் சோதிப்பது எப்படி

‘இழுப்பறையைத் திற’ என்று படித்தவர், அந்த வாக்கியத்துக்குப் ‘பொருள் உண்டு’ என்று விசையை அழுத்திப் பதில் சொல்லக் கையைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தால் விரைவாகவும், எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டியிருந்தால் தாமதமாகவும் பதில் தருகிறார். 2002-இல் உளவியலாளர்கள் கிளென்பெர்க், காஷக் இருவரும் வெளியிட்ட முடிவு இது. இதைச் செய்துபார்க்க ஒரு கணினி, தனி விசைப்பலகை, உளவியல் சோதனைகளுக்காக இலவசமாகக் கிடைக்கும் சைக்கோபை மென்பொருள் போதும்.

விசைப்பலகையை 90 பாகை திருப்பி வையுங்கள். மார்புக்கு நேராக நீளும் எழுத்து வரிசையில் 1, 5, 9-ஆம் விசைகளில் வண்ண ஒட்டிகள். ஓரத்து விசைகளில் ஒன்று ‘உண்டு’, மற்றது ‘இல்லை’. நடுவிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 7.6 செ.மீ. வரும், கை முழுதும் நகர வேண்டும், விரல் மட்டும் எட்டினால் பயனில்லை. நடுவிசையை அழுத்தியதும் வாக்கியம் தோன்றும். முடிவெடுக்கும் வரை விரல் அங்கேயே இருக்கட்டும். வாக்கியம் தோன்றியதிலிருந்து விரல் எடுக்கும் வரையான நேரத்தையே அளக்கிறோம். அழுத்திப் பிடித்த விசை அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஆகவே விசை விடுபடும் கணத்தைப் பதியும்படி நிரலை அமையுங்கள். முடிவெடுக்குமுன் விரலை எடுத்துவிட்டு நடுவழியில் யோசிப்பவர்களும் உண்டு. அடுத்த விசையைத் தொட ஆகும் நேரத்தையும் பதிந்தால் அவர்களைக் கண்டுபிடிக்கலாம்.

சோதனையின் பாதியில் ‘உண்டு’ விசையைப் பக்கம் மாற்றி, பத்துப் பயிற்சி வாக்கியங்கள் கொடுங்கள். பங்கேற்பாளரில் பாதிப்பேருக்கு இந்த வரிசை தலைகீழ்.

வேலையின் பெரும்பகுதி வாக்கியங்களில்தான். ‘கதவைத் திற’ ஆகாது: சில கதவு தள்ளத் திறக்கும், சில இழுக்கத் திறக்கும். ‘தள்ளிப் போடு’ என்றால் கை அசைவதே இல்லை. ‘கொடு’ இன்னும் சிக்கல். தா, வா தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் வகுத்தது. இன்று ‘எனக்குக் கொடு’ இயல்பு. அதனால் திசையை வினை காட்டாது, முன்னால் வரும் ‘எனக்கு’ காட்டிவிடும். ‘வண்டியைத் தள்ளு’, ‘வண்டியை இழு’ போல ஒரே பெயர், கடைசியில் மட்டும் மாறும் வினை என்பதே பாதுகாப்பு. ‘இல்லை’ என்று பதில் வர வேண்டிய பொருளற்ற வாக்கியங்களுக்கு ‘குழம்பை மடி’ சரி. ‘நிழலைச் சுருட்டு’ கவிதையாகிவிடும், படிப்பவர் தயங்குவார்.

18 ஆய்வகங்கள் செய்முறையை முன்கூட்டியே எழுதிப் பதிவுசெய்துவிட்டு இச்சோதனையின் ஒரு வடிவத்தை நடத்தி, 2022-இல் முடிவை வெளியிட்டன. எதிலும் நம்பத்தக்க விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இருபது பேரிடம் தெரியும் வித்தியாசத்தை நம்பாதீர்கள். எத்தனை பேர், எந்தப் பதில்களை நீக்குவது என்பதை முதல் ஆள் உட்காருமுன்னே எழுதி வையுங்கள்.