கையெழுத்துக்கு மூன்று பேர் போதுமா? கலைக்குழுவின் போர்டுக்கு ஆள் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, உன் ஐடி காப்பி ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஃபார்முக்கு மூன்று பேர் வேண்டுமாம்."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் பலர் ஒரு கலைக்குழுவின் போர்டில், அதாவது நிர்வாகக் குழுவில், உறுப்பினர் ஆவது இப்படித்தான். நானும் அப்படித்தான் ஆனேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து சொல்லிக் கொடுக்கும் ஒரு சிறு குழு அது. மறுநாள் மானிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கூப்பிட்ட மாமாவிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. குழுவின் விதிமுறைகளை நான் முதன்முதலாகப் படித்தது பல மாதம் கழித்து, பணத் தகராறு வந்த பிறகு.

போர்டுக்கு ஆள் சேர்ப்பதில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன. ஃபார்மில் மூன்று கட்டம் காலியாக இருக்கிறது, அதை நிரப்ப மூன்று பேர் வேண்டும். அந்த மூவரும் என்ன முடிவெடுப்பார்கள், யாருக்குப் பதில் சொல்வார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

முதலில் சட்டம். 2008ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, இலாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று இயக்குநர்கள், அதாவது போர்டு உறுப்பினர்கள், வேண்டும். வரிவிலக்குக்கு விண்ணப்பித்தால் வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொறுப்பேற்கும் மூன்று பேராவது ஒருவருக்கொருவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, தனி ஒருவர் கையில் எல்லா முடிவும் இருக்கக் கூடாது என்கிறது. நம் குழுக்களில் அடிக்கடி தவறுவது இங்கேதான். வாத்தியார் தலைவர், அவர் மனைவி பொருளாளர், மருமகன் செயலாளர். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஒரு செலவு சரியில்லை என்று மருமகன் மாமனாரிடம் கூட்டத்தில் எப்படிச் சொல்வார்? அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் விதியே இருக்கிறது.

பெயரை மட்டும் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை லாட்டரிப் பணத்திலிருந்து பொதுநல அமைப்புகளுக்குத் தரும் மானியத்தில் நடந்த ஊழல் நாட்டுக்கே காட்டிவிட்டது. சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 2020 முதல் அதை விசாரித்து வருகிறது. தங்கள் பெயர் ஓர் அமைப்பில் பயன்படுத்தப்பட்டதே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு என்ற செய்திகளை நாம் படித்தோம். ஆகவே ஐடி காப்பி கேட்பதற்கு முன் விதிமுறைகள், கடைசி வருடக் கணக்கு, வங்கி இருப்பு மூன்றையும் அவர் கையில் கொடுங்கள். கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் இயக்குநர் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "சும்மா பெயருக்குத்தான், வேலை ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கூட்டி வந்தவர் அப்புறம் வேலை செய்யாவிட்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அப்புறம், பெரிய மனிதர் ஆசை. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், முடிந்தால் ஒரு கவுன்சிலர் இருந்தால் லெட்டர்ஹெட்டுக்குக் கௌரவம் என்று நினைக்கிறோம். வக்கீல் வரட்டும், நல்லதுதான். ஆனால் உங்கள் குழுவில் குறைவது சட்ட அறிவா, கணக்கா, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கண்ணா என்று முதலில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கட்சிக்காரரை அழைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வரிவிலக்கு பெற்ற அமைப்பு தன் பணத்தையோ வசதிகளையோ எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. தேர்தல் வருடத்தில் உங்கள் மேடை யாருடைய மேடை ஆகும் என்று யோசித்துவிட்டு அழையுங்கள்.

நல்ல பொருளாளர் எங்கே கிடைப்பார் என்றால், ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூஜைக்குப் போய்ப் பாருங்கள். யார் வசூல் நோட்டு வைத்திருக்கிறார், யார் அரிசி, மாவு, கேஸ் செலவை ராண்டும் சென்டுமாக எழுதி மறுவாரமே எல்லாரிடமும் காட்டுகிறார் என்று கவனியுங்கள். எங்கள் பொருளாளரை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். துணி ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. போர்டு என்றதும் "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராதே" என்று தயங்கினார். அவர் வந்த பிறகு ஒரு ரசீதுகூடக் காணாமல் போனதில்லை.

இந்தத் திறமை நமக்குப் புதிதும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் இங்கே இறங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கையில் காசில்லாத காலத்திலேயே கோயில் கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள். நிறவெறி ஆட்சியில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குடியிருப்புப் பகுதி ஒதுக்கிய குழு இனப்பகுதிச் சட்டம் நம் குடும்பங்களைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளியபோதும், வந்த இடத்தில் மறுபடி கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டிகளில் இருந்தவர்கள் அதே தெருக்காரர்கள். சமூகம் நடத்தும் அமைப்பு என்று விண்ணப்பத்தில் எழுதும் நாம், முடிவெடுக்கும் மேசையில் அந்தச் சமூகத்தை உட்கார வைக்கிறோமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

ஏனென்றால் நான் பார்த்ததிலேயே மிக வருத்தமான தவறு இதுதான்: ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் போர்டுக்கு வெளியே நிறுத்துவது. "கலைஞருக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம், அவர் போர்டில் இருந்தால் தப்பு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அமைப்பின் வருமானத்தையும் சொத்தையும் உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, செய்த வேலைக்கு நியாயமான கூலி வாங்கலாம் என்பதே விதி. கம்பெனிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வழியையும் காட்டுகிறது. தனக்குப் பண லாபம் உள்ள விஷயம் பேச்சுக்கு வரும்போது அந்த இயக்குநர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பிறகு கூட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும், அந்த முடிவில் சேரக் கூடாது. எங்கள் மிருதங்கக்காரர் தன் வகுப்புக் கட்டணம் பேசப்படும்போது எழுந்து வாசலில் நிற்பார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவோம். மினிட்ஸ் புத்தகத்தில் அதை எழுதி வைப்போம். இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே ஒரு கலைஞரை அடையாளத்துக்கு உட்கார வைத்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக் காலர் வேலைக்காரர்களாக இருக்கும் அறையில் ஒருவர் தனியாக வாய் திறப்பது கடினம். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

அவர்களைச் சேர்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உம்ஷ்லாங்காவில் ஓர் ஆபீஸில் கூட்டம் வைத்தால் சேர்த்ததில் அர்த்தமில்லை. ஷிஃப்ட் வேலைக்காரர் லீவு போட வேண்டும், இரண்டு மினிபஸ் டாக்ஸி மாற வேண்டும். கூட்டத்தை ஒத்திகை நடக்கும் ஹாலிலேயே, ஒத்திகை முடிந்ததும் வையுங்கள். டாக்ஸிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அது கூலியும் அல்ல, சலுகையும் அல்ல. புரட்டாசி விரதமும் காவடியும் வரும் வாரங்களை விட்டுவிடுங்கள். பேச்சு மொழியும் முக்கியம். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது, பெரியவர்கள் சிலருக்கு ஆங்கில அறிக்கை ஓடாது, எங்களிடம் பறை கற்க வரும் பக்கத்து வீட்டுப் பையன்கள் ஜூலு பேசுகிறவர்கள். முக்கியமான தீர்மானத்தை ஓட்டுக்கு விடும் முன் மூன்று மொழியிலும் வாயால் ஒருமுறை சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

புதியவரை நேரே போர்டில் ஏற்றாமல் முதலில் ஒரு வேலைக்குழுவில் சேருங்கள். எஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் குழுவாக இருக்கலாம், உடைகள் வாங்கும் குழுவாக இருக்கலாம். ஆறு மாதத்தில் அவருக்கும் நம்மைத் தெரியும், நமக்கும் அவரைத் தெரியும். கூடவே ஒரு கேள்வியை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: திவால் ஆனவரா, திருட்டு அல்லது மோசடி வழக்கில் தண்டனை பெற்றவரா என்று. நம் பெரியவர்களிடம் இப்படிக் கேட்க நாக்கு கூசும், எனக்கும் கூசியது. ஆனால் இவை இயக்குநர் பதவிக்குத் தடையாகக்கூடிய காரணங்கள். அச்சிட்ட ஃபார்மில் வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பதவிக்காலம் எழுதாமல் யாரையும் சேர்க்காதீர்கள். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம், வேண்டுமானால் இன்னொரு முறை. எல்லாரும் ஒரே நாளில் விலகிவிடாதபடி, வருடத்துக்கு ஓரிருவர் மாறுவது போல வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பேப்பர் வேலை. 1997ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தில் பதிவு செய்திருந்தால், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்களின் பெயரையும் முகவரியையும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஆட்களே மறுபடி வந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆண்டறிக்கைக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம். வங்கியில் ஃபிகா பேப்பர், அதாவது அடையாளத்தைச் சரிபார்க்கும் ஆவணங்கள், கேட்பார்கள். விலகிப் போனவரின் கையெழுத்து கணக்கில் அப்படியே கிடந்தால், காவடிக்கு மேளக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு அவரைத் தேடி ஜோகன்னஸ்பர்க் வரை போன் போட வேண்டிவரும். நாங்கள் போட்டோம். புதியவரை வரவேற்கும் அதே கூட்டத்தில், போகிறவரின் கையெழுத்தை நீக்கும் தீர்மானத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.