புக்மார்க்கில் பெயரை நீக்கிவிடுங்கள்

தினமும் திறக்கிற காலண்டர், மெயில், வேலைப் பட்டியல் எல்லாவற்றையும் பிரவுசரின் புக்மார்க் பாரில், அதாவது முகவரி தட்டும் இடத்துக்குக் கீழே இருக்கும் வரிசையில், சேர்த்து, ஒவ்வொன்றின் மேலும் ரைட் கிளிக் செய்து எடிட்டில் போய்ப் பெயரை மட்டும் அழித்துச் சேமித்துவிடுங்கள், வெறும் ஐகான் மட்டும் நிற்கும். இடத்தை அடைப்பது அந்த நீளமான பெயர்கள்தான். அவை போனதும் நாலைந்து புக்மார்க் இருந்த இடத்தில் இருபதுக்கு மேல் அடங்கும், மெனுவுக்குள் போய்த் தேடவே வேண்டாம், ஐகானைப் பார்த்ததும் கை தானாகப் போகும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இது நடக்கும். புக்மார்க் பார் திரையில் தெரியவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆனால் ஒரே தளத்தின் பல பக்கங்களுக்கு இது ஒத்துவராது, உதாரணமாக நாலு கூகுள் ஷீட் வைத்திருந்தால் நாலும் ஒரே ஐகான், எது எதுவென்று தெரியாது, அவற்றுக்கு மட்டும் ஒரு சின்னச் சொல்லாவது விட்டுவையுங்கள். ஃபோல்டர்களுக்கும் அப்படித்தான், பெயர் அவசியம்.